குக்கருக்குள் போன மான்

அடியே,

கீழ் வீட்டுக்காரர் இன்றைக்குக் கரி மூட்டியிருக்கிறார். மே மாத வெயில் கொஞ்சம் முகத்தைக் காட்டினால் போதும், கோட்-டெ-நெய்ஜில் எங்கள் கட்டடத்துப் பின்முற்றத்திற்கு ஒவ்வொருவராகப் பாபிகியூ அடுப்பை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். புகை நேரே என் குசினி யன்னலால் உள்ளே வருகிறது. கொழுப்பு கரியில் விழுந்து பொசுங்குகிற மணம். எட்டிப் பார்த்தேன். மனுசன் நல்ல மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைக் கரண்டியால் அமத்து அமத்தென்று அமத்திக்கொண்டிருந்தார். சாறெல்லாம் நெருப்புக்குள் போகிறது. அதற்கு மேல் போத்தல் சோஸை வேறு கவிழ்த்தார். நீ இருந்திருந்தால் யன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டு, உனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அவரை ஏசியிருப்பாய். நான் யன்னலைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குக் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதே. ஒரு வருடமாகக் கோபம். இன்று காலையில் உன் அக்கா தொலைபேசி எடுத்த பிறகு அது இன்னொரு பக்கம் திரும்பியிருக்கிறது. எந்தப் பக்கம் என்று கடைசியில் சொல்கிறேன். ஒழுங்காகச் சொல்லாவிட்டால் உனக்கு விளங்காது.

உன் எட்டுக்கு மான் இறைச்சியைச் சுட்டுப் படைப்பேன் என்று உனக்குச் சொன்னேன் அல்லவா? படைக்கவில்லை. படைக்க விடவில்லை. எங்கள் ஆட்களுக்கு எட்டாம் நாள் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, மச்சமும் குடிவகையும் சேர்த்து, வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். போகிற உயிர் வயிறாறச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று. அதற்குப் பிறகு முப்பத்தோராம் நாள் வருகிற அந்தியேட்டி, வருடத் திவசம் எல்லாம் சைவம். மச்சம் கொடுக்கக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைத்தான் உன் வீட்டார் நாசமாக்கினார்கள்.

புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் நாம் இருவரும் பெட்டி கட்டிய காலம். எங்களோடு ஜிசேலும் நின்றாள். கியூபெக்காரி, எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவள், வாய் கொஞ்சம் நீளம், அதனால்தான் உனக்கு அவளைப் பிடித்தது. ஒருநாள் சாப்பாட்டு அறையில் பாணுக்குள் குளிர்ந்த இறைச்சியை மெல்லியதாக அரிந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ரோசாப்பூ நிறம். என்ன இறைச்சி என்று கேட்டோம். மான், தானே வேட்டையாடியது என்றாள். நான் மூக்கைச் சுருக்கினேன். நீ கையை நீட்டினாய். மென்றுகொண்டே கண்ணை மூடிக்கொண்டாய்.

"வன்னியில பிறந்த எனக்கு மான் புதுசே?" என்றாய். "எத்தினை தரம் தின்டிருப்பன். ஆனா இதிலயெல்லோ மானின்ர ருசி கிடக்கு. நாங்கள் இவ்வளவு காலமும் கறித்தூளைத்தானடி தின்டிருக்கிறம்."

அந்த ஒரு வாய் உன்னை எங்கே கொண்டுபோய் விட்டது! ஜிசேலுக்கு வடக்கே சொந்தமாக ஒரு காட்டுத் துண்டு இருந்தது. நீயும் வருகிறாய் என்றாய். வகுப்புக்குப் போனாய், பிரெஞ்சில் பரீட்சை எழுதினாய், வேட்டைப் பத்திரம் எடுத்தாய். துவக்கைத் தொட மாட்டேன் என்று நின்றாய். குறுக்குவில்தான். வில்லுக்காரருக்கென்று இலையுதிர் காலத்தில் தனியாக ஒரு பருவம் விடுகிறார்கள். அந்த நாட்களில் காட்டுக்குள் வெடிச்சத்தமே இருக்காது. நீ அந்தப் பருவத்தில் மட்டும்தான் போவாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னாய், பஸ்ஸில் வரும்போது, வெளியே பார்த்துக்கொண்டு: "சத்தம் கேட்டது காணுமடி, இனி ஏலாது."

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கோயில் மடைப்பள்ளிக்குள் வாழைக்காய் வெட்டிக்கொண்டு ஒரு மனுசி என்னிடமே கேட்டாள்: "வன்னியால வந்தவள், பெம்பிளை, காட்டுக்குப் போறாளாம். முந்திப் பழகின கைதானே?" எதைப் பழகின கை? நீ அங்கே துவக்கைப் பிடித்தவள் இல்லை, துவக்குப் பிடித்தவர்களுக்கு நடுவில் ஓடித் திரிந்தவள். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் வில்லை எடுத்தாய். அதை அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் துடித்தது. உன் கதையை வாழைக்காயோடு சேர்த்து வெட்டப் போடக்கூடாது என்று விட்டுவிட்டேன். இப்போதும் அந்த மனுசியைக் கண்டால் நான் மற்றப் பக்கம் பார்ப்பேன்.

உன் அக்காவின் புருசன், உன் அத்தானுக்கு மானம் போய்விட்டது. கோயில் நிர்வாகத்தில் இருக்கிற மனுசன். "சனம் என்ன கதைக்குது தெரியுமே பிள்ளை?" என்று கேட்டார்.

"சனத்துக்கு வாய் கிடக்கு, கதைக்கட்டும் அத்தான். எனக்கு இறைச்சி கிடக்கு, நான் சமைக்கிறன்" என்று நீ சொன்னாய்.

இல்-பிசாரில் அவர்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில்தான் நீ இருந்தாய். அந்த முதல் மானை ஜிசேலும் நீயுமாக வெட்டிப் பிரித்துக் கொண்டுவந்த சனிக்கிழமை எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. உன் அக்கா இறைச்சியைக் கண்டதும் மஞ்சள்தூள் பேணியைக் கையில் எடுத்துவிட்டார். எங்கள் குசினிகளில் இறைச்சி வந்தால் முதல் வேலை அதுதானே? மஞ்சளும் தேசிக்காய்ப்புளியும் போட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவிக் கழுவி, இறைச்சியின் நிறமே போன பிறகுதான் எங்களுக்கு மனம் ஆறும். நீ குறுக்கே பாய்ந்தாய்.

"ஐயோ, கழுவாமலே?" என்றார் அக்கா.

"கழுவினா மான் தண்ணியோட போயிடும். இஞ்ச தாங்கோ. துடைச்சாக் காணும்."

பிறகு நீ செய்த ஒவ்வொன்றையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தசையின் மேல் படர்ந்திருக்கும் மினுங்குகிற வெள்ளைச் சவ்வைக் கத்தி நுனியால் உரித்தாய். கொழுப்பை முழுவதும் வெட்டி எறிந்தாய். மான் கொழுப்பு வாயில் மெழுகாக ஒட்டி நாறும், அதற்குத்தான் சனம் காட்டு வெடில் என்று பேர் வைத்திருக்கிறது என்றாய். நல்லெண்ணெய், இடித்த மிளகு, உள்ளி, இஞ்சி, கொஞ்சம் தென்னங்கள்ளு வினாகிரி, ஒரு கரண்டி மேப்பிள் மரத்து இனிப்புப் பாணி. மானில் கொழுப்பு இல்லை, எண்ணெய்தான் அதற்குக் காவல். புளிப்பு அளவோடுதான், கூடினால் இறைச்சி மாவாகிவிடும். உப்பு மட்டும் இறைச்சியை நெருப்பில் போடும்போதுதான். ஜிசேல் சிவப்பு வைனும் தைம் இலையும் என்று பிடிவாதம் பிடித்தாள். நீ மிளகு என்றாய். இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கடைசியில் தைம் இலை உள்ளே வந்தது, வைனை நீங்கள் இரண்டு பேரும் குடித்துவிட்டீர்கள்.

மறுநாள் கரி வெள்ளை பூத்த பிறகுதான் துண்டுகளைப் போட்டாய். ஒரு பக்கம், மறுபக்கம், எடு. எடுத்த பிறகு மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னாய். எங்கள் ஆட்களால் ஏலாத வேலை அதுதான். உன் அத்தான் தட்டை ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் மேசைக்குமாக நடந்தார். நீ வெட்டியதும் அவர் முகம் மாறியது.

"பிள்ளை, ரத்தம் வருகுது. இன்னும் கொஞ்சம் வேகட்டும்."

"அது ரத்தமில்லை அத்தான், சாறு."

"சாறெண்டாலும் சிவப்பாயெல்லோ கிடக்கு."

அவருக்கென்று ஒரு துண்டைத் திரும்ப நெருப்பில் போட்டு, சப்பாத்துத் தோலாக்கிக் கொடுத்தாய். அவர் அதை வெகுநேரம் மென்றார். நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே மென்றார். பிறகு மெல்ல வந்து, "அந்தச் சிவப்பில ஒரு சின்னத் துண்டு தா பாப்பம்" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் முதல் தட்டு அவருடையதுதான். நானும் பயந்து பயந்துதான் வாயில் வைத்தேன், ஈரல் போல இருக்குமோ என்று. இல்லை. மெதுவாக, சுத்தமாக, மிளகுக்குப் பின்னால் ஒரு இனிப்போடு இருந்தது. மாடும் இல்லை, ஆடும் இல்லை. அந்த ருசிக்கு வேறு பெயர் இல்லை, மான் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பெயரைத்தான் உன் வீட்டார் சொல்ல மாட்டார்கள். ரொறொன்ரோவிலிருந்து உன் அத்தானின் ஆட்கள் வந்த கோடையில் நடந்ததை மறந்திருக்க மாட்டாய். எல்லோரும் சுற்றிவர இருந்து சாப்பிடுகிறார்கள், விரல் சூப்புகிறார்கள். என்ன இறைச்சி இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். உன் அக்கா கண் இமைக்காமல், "ஆடுதான்" என்றார்.

நீ இடுக்கியைக் கீழே வைத்தாய்.

"ஆடில்லை. மான். நான் அம்பால அடிச்ச மான். ஒரு உயிரைக் கொன்டுபோட்டுப் பேரை மாத்திச் சொல்லக்கூடாது அக்கா. மானெண்டு சொல்லித் தின்னுங்கோ, இல்லாட்டித் தட்டை வையுங்கோ."

ஒருவரும் தட்டை வைக்கவில்லை என்பது வேறு கதை. உன் அக்கா முகம் சுருங்கிப் போனார். அன்றைக்கு நான் உன் பக்கம். இன்றைக்கும் அந்த விடயத்தில் நான் உன் பக்கம்தான்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது, மாறாத நோய். என் வீட்டிலிருந்து நடந்து வரக்கூடிய ஆஸ்பத்திரி என்பதால் வேலை முடிந்து வந்து உன் கட்டிலடியில் இருப்பேன். உன் அக்கா பகல் முழுவதும் அங்கேதான். கஞ்சி கொண்டுவருவார், தலையைச் சீவி இழுத்து விடுவார், கால் பிடித்து விடுவார். வைத்தியர் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது. "வைகாசிக்கு வீட்டை வந்திடுவாய், உன்ர அடுப்பைக் கழுவி வைச்சிருக்கிறன்" என்பார். நீ ஓம் அக்கா, ஓம் அக்கா என்று தலையாட்டுவாய். அவர் தேத்தண்ணி வாங்கக் கீழே போன ஒரு பின்னேரம்தான் நீ அதைச் சொன்னாய்.

"எட்டுக்கு எனக்கு என்ன வைப்பினம் எண்டு இப்பவே தெரியும். கடைக் கோழிக் கறி, இடியப்பம், ஒரு பேணி கோலா. நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையே?"

"விசர்க் கதை கதையாத" என்றேன்.

"கேளடி. ஃபிரீசரில ஒரு முதுகுத் துண்டு கிடக்கு. போன முறை அடிச்சது. அதுதான் கடைசி. நீ சுடு. உள்ளுக்குச் சிவப்பாயிருக்க வேணும். ஒரு பியரும் வை. ஓம் எண்டு சொல்லு."

ஓம் என்றேன். பிறகு, "இதை அக்காட்டையும் ஒருக்காச் சொல்லன்" என்றும் சொன்னேன். சொன்னேனா இல்லையா? சொன்னேன். நீ சிரித்தாய்.

"அக்காட்டை என்ர எட்டைப் பற்றிக் கதைக்கேலுமே? அவவைப் பொறுத்தவரை நான் சாகப்போறேல்லையடி. அவ அப்பிடியே இருக்கட்டும். நீ செய்."

சித்திரை கழிய முன்னமே போய்விட்டாய்.

ஏழாம் நாள் உன் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஃபிரீசரில் இருக்கிற மான் துண்டை இறக்கி வையுங்கோ, காலையில் வந்து ஊறவைத்துப் பின்னேரம் நான் சுடுகிறேன், படையலுக்கு, என்றேன். ஓம் ஓம் என்றார். அழுது அழுது குரலே இல்லை. நீ அவரிடம் மறைத்ததை, அந்தக் குரலிடம் நான் எப்படி எடுத்துச் சொல்வது? சுடுகிறேன் என்று சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

எட்டன்று விடிய எழும்பி மிளகு இடித்தேன். உள்ளி, இஞ்சி, எண்ணெய் எல்லாம் ஒரு போத்தலில் கலந்து எடுத்துக்கொண்டு, மெட்ரோ, பஸ், பிறகு வரவே வராத அந்த இல்-பிசார் பஸ் என்று போய்ச் சேர்ந்தேன். சொன்னால் நம்ப மாட்டாய். நான் வாசலில் சப்பாத்தைக் கழற்ற முன்னமே உள்ளே குக்கர் விசில் அடித்தது. வீடு முழுக்க வறுத்த தூள் மணம்.

"வாரும். நீர் ஏன் கஷ்டப்படுவான் எண்டு நானே வைச்சிட்டன்" என்றார் உன் அக்கா. கை இரண்டும் மஞ்சள். "வடிவாக் கழுவினனான். என்ன சிவப்பு அது! தண்ணி தெளியவே மாட்டன் எண்டிட்டுது."

குசினிக்குள் போய் நின்றேன். உன் அத்தான் பின்னால் வந்தார்.

"சனம் வருகுது பிள்ளை. செத்த வீட்டில பாபிகியூ போட்டா என்ன கதைப்பினம்? நான்தான் வேண்டாமெண்டனான். இறைச்சி ஒண்டுதானே, கறியா இருந்தா என்ன?"

கறியாக இருந்தால் என்னவாம்! அந்தச் சிவப்புத் துண்டுக்காகத் தட்டோடு முதல் ஆளாக நின்ற மனுசன் கேட்கிற கேள்வியா அது? நீ பனிக்குளிரில் மரத்தடியில் அசையாமல் இருந்து, ஒரே அம்பில் விழுத்தி, அதன் தலையைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கொண்டுவந்த இறைச்சி. முதுகுத் துண்டு. வெண்ணெய் மாதிரி வெட்டுப்படுகிற தசை. அதைக் கழுவி, வெட்டி, குக்கருக்குள் போட்டு, விசில் மேல் விசில் விட்டு, சாம்பல் நிற நார் நாராக ஆக்கி வைத்திருந்தார்கள். கிழட்டு ஆட்டுத் தொடைக்குக்கூட யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். குழம்பின் மேல் எண்ணெய் மிதந்தது. அதற்குள் மான் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுகூடப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். உன் படத்துக்கு முன்னால் இலை போட்டார்கள். இடியப்பம், கோழி, மீன் பொரியல், நடுவில் அந்தக் கறி. பியர் இல்லை, கோலா. நீ சொன்னது அப்படியே இருந்தது. கதவைச் சாத்தினார்கள், வெளியே நின்றோம், திறந்தார்கள். வந்தவர்களுக்குப் பரிமாறத் தொடங்கினார்கள். யாரோ ஒரு அன்ரி, இது என்ன கறி என்று கேட்டார். உன் அத்தான் சொன்னார்: "ஆட்டுக்கறி."

அவ்வளவுதான். அதற்கு மேல் என்னால் ஏலவில்லை.

"ஆடில்லை!" என்று கத்தினேன். "மான்! அவள் அம்பால அடிச்ச மான்! எட்டுக்குச் சுட்டுத் தரச்சொல்லி ஆஸ்பத்திரியில கிடந்து என்னட்டைக் கேட்டவள். செத்த பிறகும் அவளை ஏமாத்திறியளே, உங்களுக்கு மனச்சாட்சி இல்லையே?"

"கோவத்தைக் காட்ட இதுவே இடம்?" என்றார் உன் அத்தான். உன் அக்கா அகப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் போத்தலையும் பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ் வராது என்று தெரியும். ஜிசேலுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவளை எட்டுக்குக் கூப்பிடக்கூட இல்லை, தெரியுமா? வெள்ளைக்காரிக்கு இதெல்லாம் விளங்காதாம். வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன். "அவித்தார்களா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "முதுகுத் துண்டையா?" ஓம் என்றேன். பாதையோரம் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். விளங்காதவள் அழுத அழுகையை உன் அத்தான் பார்த்திருக்க வேண்டும்.

அந்தியேட்டிக்கு நான் போகவில்லை. உன் நினைவாக அடித்த கல்வெட்டுப் புத்தகம் தபாலில் வந்தது. அட்டையில் நீ பட்டுச் சேலையோடு, யாருடையதோ கலியாணத்தில் எடுத்த படம். உள்ளே ஒரு பாட்டு. அமைதியின் உருவமாம். அதிர்ந்து பேசாதவளாம். சைவ ஒழுக்கம் தவறாதவளாம். வாசித்துவிட்டு இது யாருடைய கல்வெட்டு என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். உன் வில் இல்லை, காடு இல்லை, ஜிசேல் இல்லை, நீ கத்திய கத்தல் ஒன்றுகூட இல்லை. உன்னையும் மஞ்சள் போட்டு, நிறம் போகுமட்டும் கழுவியிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டாரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. போன இலையுதிர் காலத்தில் ஜிசேல் தன் மானில் ஒரு முதுகுத் துண்டைச் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். ஃபிரீசரில் இருக்கிறது. தொட மனம் வரவில்லை. எட்டு முடிந்துபோன பிறகு யாருக்குப் படைப்பது?

இன்று காலையில் உன் அக்கா தொலைபேசி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டைத் திவசம், ஒரு வருசமாகுது, வாரும் என்றார். சைவச் சாப்பாடு, அவளுக்குப் பிடித்த பாயாசமும் வைக்கிறேன் என்றார். பாயாசம்! கல்யாண வீட்டில் பாயாசக் கோப்பையைப் பூச்சாடிக்குள் ஊற்றியவள் நீ. எனக்கு ஏறிக்கொண்டு வந்தது. சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் குரல் மாறியது.

"நான் ஒண்டு கேக்கவேணும். கோவிக்காதையும்."

"கேளுங்கோ அக்கா."

"எட்டுக்கு இதுதான் வேணுமெண்டு அவள் உம்மட்டைச் சொன்னவள். எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் ஒவ்வொரு நாளும் பக்கத்தில இருந்தனான். நானெல்லோ கஞ்சி பருக்கினனான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தத் துண்டை நான் குக்கருக்குள்ள போட்டிருப்பனே? அத்தான் என்ன சொன்னாலும் கேட்டிருப்பனே? ஒரு வருசமா இதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். அவளுக்கு என்னில அவ்வளவு வெறுப்பே?"

அடியே, அந்தக் கேள்வி கேட்டபோதுதான் என் கோபம் திரும்பியது. உன் பக்கம்.

ரொறொன்ரோ ஆட்களுக்கு முன்னால் ஆடில்லை மான் என்று கத்தத் தெரிந்தவளுக்கு, வைத்தியரோடு சண்டை பிடிக்கத் தெரிந்தவளுக்கு, உன் அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. நான் சாகப்போகிறேன் அக்கா, எனக்கு இன்னதைப் படையுங்கோ என்று சொல்லியிருந்தால் அவர் அழுதிருப்பார். அழட்டுமே! அழுது முடித்துவிட்டுச் செய்திருப்பார். அவருக்கு இரக்கம் பார்த்து நீ பேசாமல் போனாய். அந்த இரக்கத்தை ஒரு வருடமாக அவர் வெறுப்பு என்று வாசித்துக்கொண்டிருக்கிறார். உன் கெட்டித்தனம் இதுதானா?

உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. 'நீங்கள் அவளைச் சொல்ல விடவில்லை அக்கா, வைகாசிக்கு வருவாய் வருவாய் என்று அவளின் வாயை அடைத்துவிட்டீர்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது சரியான கணக்குத்தான். ஆனால் மற்றப் பக்கத்தில் அந்த மனுசி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறது எனக்குக் கேட்டது.

"சொன்னவள் அக்கா" என்றேன். "உங்களிட்டைச் சொல்லச் சொல்லித்தான் என்னட்டைச் சொன்னவள். 'அக்காதான் எனக்குப் படைக்கவேணும், நீ போய்ச் சொல்லு' எண்டவள். நான்தான் செத்த வீட்டுக் கரைச்சலில மறந்துபோனன்."

பிறகு தொடங்கினார் பார்! உன் அக்காவுக்கு இப்படி ஏச வரும் என்று எனக்குத் தெரியாது. "உமக்கென்ன விசரே? செத்தவளின்ர கடைசிக் கதையை மறக்கிற ஆளும் இருக்கோ? நீரும் ஒரு சிநேகிதியே? மறந்ததும் மறந்து, வந்து சனத்துக்கு முன்னால என்னில பாய்ஞ்சீர், என்னை மனச்சாட்சி இல்லாதவள் எண்டீர்! ஒரு வருசம்! ஒரு வருசமா என்ர பிள்ளை என்னை வெறுத்திட்டுப் போனாள் எண்டு நான் நித்திரை கொள்ளேல்லை!" ஏசிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே ஏசினார். நான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, ஓம் அக்கா, பிழைதான் அக்கா என்று நின்றேன். உன்னைப் போலவே தலையாட்டினேன்.

கடைசியில் மூக்கைச் சீறிவிட்டு, "அந்த ஜிசேலிட்டை மான் கிடக்குமே?" என்று கேட்டார். என்னிடம் ஒரு துண்டு இருக்கிறது என்றேன். "ஞாயிறு திவசம் முடியட்டும். திங்கள் அவவையும் கூட்டிக்கொண்டு வாரும். நான் கழுவமாட்டன், நீர் சொல்லுறபடி செய்யிறன். அத்தான் வாய் திறக்கட்டும் பாப்பம்" என்றார். திவசம் முடிந்த பிறகு மச்சம் படைக்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அவருக்கும் தெரியும். நான் ஓம் என்றேன்.

ஆகவே திங்கட்கிழமை உனக்கு மான் வரும். உள்ளுக்குச் சிவப்பாக வரும், பியரோடு வரும். என்னிடம் கேட்டதை நான் செய்கிறேன். ஆனால் ஒன்று. இன்று காலையில் உன் அக்கா ஏசிய ஏச்சில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை. அத்தனையும் உன் முகத்துக்கு நேரே விழுந்திருக்க வேண்டியது. இனி உன் அக்கா கண்ணில் சாகும்வரைக்கும் நான்தான் மறந்துபோனவள். அதை நான் வைத்துக்கொள்கிறேன். திருப்பித் தர ஆளில்லை.